கூட்டம் பெருத்ததால் வந்த வெறுப்பா?

ஐரோப்பாவில் அகதிகள் மீதான வெறுப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், விவரம் தெரிந்தவர்கள்கூடச் சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு: “அளவுக்கு மீறி ஆட்கள் வந்து குவிந்தால் உள்ளூர்க்காரனுக்குக் கோபம் வராதா?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது.

ஐரோப்பா இஸ்லாமிய மயமாகிறது என்று திங்கள்தோறும் ஊர்வலம் போன ‘பெகிடா’ இயக்கம், 2014 அக்டோபரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தது. அந்நகரம் உள்ள சாக்சனி மாநிலத்தில் அன்று வெளிநாட்டவர் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். முஸ்லிம்கள் அதிலும் சொற்பம். வெளிநாட்டவர் பல மடங்கு அதிகம் வாழும் ஃபிராங்ஃபர்ட்டில் அந்த இயக்கம் காலூன்றவே இல்லை.

ஹங்கேரியில் நடந்தது இன்னும் வேடிக்கை. இங்கே வந்தால் எங்கள் வேலையைப் பறிக்கக் கூடாது என்று வருகிறவர்களை எச்சரிக்கும் விளம்பரப் பலகைகளை 2015இல் அன்றைய பிரதமர் ஓர்பானின் அரசு நாடெங்கும் வைத்தது. எழுதியிருந்ததோ ஹங்கேரிய மொழியில்! சிரியாவிலிருந்து வந்தவருக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. புரிய வேண்டியவர் உள்ளூர் வாக்காளர். மறு ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் அகதிகள் பங்கீட்டை எதிர்த்துப் பொது வாக்கெடுப்பே நடத்தினார்கள். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழும் அந்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் 1,294 பேர்.

அதே பங்கீட்டில் ஒருவரையும் ஏற்காத போலந்து, 2022இல் பத்து லட்சத்துக்கும் அதிகமான உக்ரைனியர்களுக்குக் கதவைத் திறந்தது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அதே ஆண்டில்தான், மத்தியக் கிழக்கிலிருந்து வருவோரைத் தடுக்க பெலாரஸ் எல்லையில் 186 கிலோமீட்டருக்கு இரும்பு வேலி எழுப்பியது. இடமில்லை என்ற வாதம் எங்கே போனது?

அகதிகளால் சிக்கலே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாடகை வீட்டுக்கும் பள்ளி இடத்துக்கும் நெருக்கடி உண்டு. 2016 புத்தாண்டு பிறந்த இரவில் ஜெர்மனியின் கொலோன் நகரில் பெண்கள் மீது நடந்த பாலியல் தாக்குதல் குற்றம், செய்தவர்கள் தண்டனைக்குரியவர்கள். வீடு கட்டாததற்கு அரசைத்தான் கேட்க வேண்டும்; குற்றத்துக்குக் குற்றவாளியைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் நடப்பது வேறு. 2024இல் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவன் படகில் வந்த அகதி என்று புரளி கிளம்பியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். உண்மை வெளிவந்த பிறகும், ராதர்ஹாம் அருகே புகலிடம் கோரியவர்கள் தங்கியிருந்த ஓட்டலுக்குத் தீ வைக்கப் போனது கும்பல்.

வெறுப்பு ஆள் கணக்குப் பார்த்து வருவதில்லை. ஓட்டுக் கணக்குப் பார்த்து வளர்க்கப்படுகிறது. ‘மக்களின் இயல்பான கோபம்’ என்று அதற்கு நற்சான்று கொடுப்பதையாவது நாம் நிறுத்துவோம்.