789: எந்தத் தெருவுக்கு?

அரசின் பட்ஜெட் புத்தகங்களில் 789 என்று ஓர் எண் வரும். ஆதிதிராவிடர் துணைத் திட்டச் செலவுகள் இந்தக் கணக்குத் தலைப்பில்தான் எழுதப்படுகின்றன. மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவோ, திட்ட நிதியிலும் அவ்வளவு என்பது 1979-80இல் சிறப்புக் கூறு திட்டம் வந்த காலத்திலிருந்து உள்ள நெறி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நாம் 20 சதவீதம்.

ஏட்டில் இந்த 20 சதவீதத்தைக் காட்டுவது கடினமல்ல. எல்லாருக்குமான ஒரு பொதுத் திட்டத்தின் செலவில் ஐந்தில் ஒரு பங்கை 789இல் எழுதினால் முடிந்தது. சேரிக்கு ஒரு செங்கல் வராமலே நம் பங்கு செலவாகிவிடும்.

டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக இந்த நிதியில் ரூ.744 கோடி திருப்பிவிடப்பட்டது. கர்நாடகம் 2013இல் தனிச் சட்டமே போட்டது. ஆனால் பொதுச் செலவில் ஒரு பகுதியை நம் கணக்கில் காட்ட அதன் 7(டி) பிரிவே வழிவிட்டது. பத்தாண்டு கழித்து, 2023இல்தான் அதை நீக்கினார்கள். நீக்கிய அரசே தன் உத்தரவாதத் திட்டங்களுக்கு இந்த நிதியை எடுத்தது. இலவசப் பேருந்தில் நம் பெண்களும் போகிறார்களே என்கிறார்கள். போகிறார்கள்தான். எல்லாப் பெண்களுக்கும் பொது நிதியில் கிடைப்பது, நம் பெண்களுக்கு மட்டும் ஏன் நம் பங்கிலிருந்து கழிய வேண்டும்?

தமிழகத்திலும் 2024இல் சட்டம் நிறைவேறியது. நல்லதே. ஆனால் நம் சுடுகாட்டுப் பாதைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. மழைக்காலத்தில் வயல் வரப்பில் வழுக்கி வழுக்கித்தான் பாடை தூக்குகிறோம். கிராம சபையில் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். துணைத் திட்டத்தில் வந்தது எவ்வளவு என்றோம். "அதெல்லாம் மேலே இருக்கும்" என்று பதில் வந்தது. மேலே என்றால் ஒன்றியமா, மாவட்டமா, கோட்டையா என்று அவருக்கும் தெரியவில்லை.

789இல் எழுதும் ஒவ்வொரு வேலைக்கும் ஊர், தெரு, தொகை, ஒப்பந்ததாரர், முடிந்த தேதி ஆகியவற்றைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். தெருப் பெயர் சொல்ல முடியாத செலவை இந்தக் கணக்கில் எழுதக் கூடாது. இதற்கு ஓர் அரசாணை போதும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அக்டோபர் 2 கிராம சபையில், எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், எந்தத் தெருவில் என்றும் கேட்போம். கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுவோம்.