சாம்பல் ஆற்றுக்கா? சிமெண்டுக்கா?

வடசென்னை அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. ஊருக்குக் கரண்டு வருகிறது. சாம்பல் யாருக்கு? எண்ணூர்க்காரர்களுக்கு!

சிமெண்டுக் கம்பெனிக்குப் போனது போக மிச்சச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் குட்டைக்கு விடுகிறார்கள். குழாய் கசிந்து கசிந்தே கொசஸ்தலை ஆறு பல இடங்களில் சாம்பல் மேடாகிப் போச்சு. இறால் பிடிப்பவர்கள் எங்கே போவார்கள்?

இத்தனைக்கும் இது குப்பை அல்ல. காசு பெறும் சரக்கு!

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிளிங்கர் எடுத்து, அதை அரைத்தால் சிமெண்டு. 1 டன் கிளிங்கருக்குச் சுமார் 800 கிலோ கரியமில வாயு கிளம்புகிறது. கிளிங்கரைக் குறைத்துச் சாம்பலைச் சேர்த்தால் அந்த வாயுவும் குறையும். 50 கிலோ மூட்டையில் 17½ கிலோ வரை சேர்க்க இந்திய தர நிர்ணய அமைவனமே அனுமதித்திருக்கிறது.

ஆனால் கம்பெனிகள் கேட்பது உலர்ந்த சாம்பல். தண்ணீர் பட்டால் மவுசு போச்சு!

சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும், தேங்கியதை 10 வருஷத்தில் தீர்க்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. வருஷம் ஓடுகிறது.

சாம்பலை உலர்வாகவே பிடித்து லாரியில் ஏற்றுங்கள். குட்டையில் கிடப்பதைச் செங்கலுக்கும் ரோட்டுக்கும் அனுப்புங்கள். ஆற்றை மீனவர்களிடம் விடுங்கள்!