‘நோ சிக்னல்’ என்று சொல்வது யார்?

திருச்செந்தூரிலிருந்து அம்மா போன் செய்தார். “எய்யா, டி.வி.ல படம் வரமாட்டேங்கு. ‘நோ சிக்னல்’னு நிக்கி. மெக்கானிக்கு மறுபடியும் 300 ரூவா கேக்காரு.” முந்தின வாரமும் இதே புகாருக்கு 300 ரூபாய் கொடுத்திருந்தார்.

சென்னையில் சாப்ட்வேர் எஞ்சினியராக இருக்கும் நான், செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்தச் சொன்னேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அடுத்து டி.வி. ரிமோட்டில் ‘சோர்ஸ்’ பட்டனை அழுத்தி எச்.டி.எம்.ஐ. 1 தேர்வு செய்யச் சொன்னேன். படம் வந்துவிட்டது!

நடந்தது இதுதான். ‘நோ சிக்னல்’ என்ற செய்தியை டி.வி.யும் காட்டும், பாக்ஸும் காட்டும். பாக்ஸின் மெனு திரையில் வந்தால் பாக்ஸுக்கும் டி.வி.க்கும் இடையே குறை இல்லை. கோளாறு டிஷ் பக்கம். மெனு வராவிட்டால் முதலில் சோர்ஸையும், பாக்ஸில் இருந்து டி.வி.க்கு வரும் ஒயரையும் பாருங்கள்.

அந்த ஒயர் இரண்டு வகை. மூன்று கலர் ஒயரில் மஞ்சள் படத்திற்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. தமிழக அரசு 2006 முதல் வழங்கிய இலவச கலர் டி.வி. போன்ற பழைய டி.வி.க்களுக்கு இதுவே போதும். எச்.டி.எம்.ஐ. ஒரே ஒயரில் படம், ஒலி இரண்டையும் கொண்டு வரும். எச்.டி. பாக்ஸ் வாங்கிவிட்டு மஞ்சள் ஒயரில் பார்த்தால் எச்.டி. தெளிவு கிடைக்காது. கொடுத்த காசு வீண்.

டிஷ் பக்கம் எங்கள் ஊரில் எதிரி உப்புக்காற்று. 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் ப்ளஸ் என்று தொடங்கி, இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் எனப்படும் மாதக் கட்டணமில்லா சேவையின் செயற்கைக்கோள் கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில் உள்ளது. திருச்செந்தூரிலிருந்து பார்த்தால் அது கிழக்கே, சற்றுத் தெற்கே, கடல் பக்கம். டிஷ்ஷும் கடலைப் பார்த்தே நிற்பதால் ஒயர் முனையில் உள்ள திருகு கனெக்டர் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதைக் கழற்றும் முன் பாக்ஸின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அந்த ஒயர் வழியே பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. ஷார்ட் ஆனால் பாக்ஸ் பழுதாகலாம்.

மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மொட்டை மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்பி சிக்னல் பிடிப்பது உண்மையான வேலை. அதற்குத் தாராளமாகக் கூலி கொடுக்கலாம். ஒரு பட்டனை அழுத்த 300 ரூபாய் எதற்கு? இணைப்பு கொடுக்கும் அன்றே எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த சோர்ஸில் படம் வரும் என்று வீட்டில் உள்ள பெரியவர்களுக்குக் காட்டிக் கொடுப்பதும் அந்த வேலையில் அடக்கம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் இதே பாடம்தான். மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வந்ததும் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். முதலில் பின்னால் உள்ள ஒயரையும் சோர்ஸையும் பாருங்கள்.

இப்போது அம்மாவின் டி.வி.க்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: ‘படம் வராவிட்டால் சோர்ஸ் – எச்.டி.எம்.ஐ. 1’. உங்கள் வீட்டிலும் இன்றே ஒன்று எழுதி ஒட்டுங்கள்.