பாலத்தில் காரை நிறுத்தாதீர்கள்



சிங்கப்பூர்த் தேசிய தின இரவின் போக்குவரத்து நெரிசல் பற்றிய உங்கள் கட்டுரை மிகவும் தேவையான ஒன்று. மரினா பேயைச் சுற்றிச் சாலைகள் மூடப்படுவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரிய ஆபத்து, விரைவுச்சாலையின் பகுதியான பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தில்தான். சென்ற ஆகஸ்ட் 9 அன்று என் மாமியாரை அந்தப் பாலத்தின் வழியே வீட்டுக்கு அழைத்துச் சென்றபோது, வாணவேடிக்கை தொடங்கியதும் முன்னால் போன கார் சட்டென்று ஓரம்கட்டியது. உள்ளிருந்தவர்கள் கைப்பேசியுடன் இறங்கினர், கூடவே ஒரு சிறுவனும்! விரைவுச்சாலையில் அவசரத் தேவையின்றி நிறுத்துவது குற்றம். தேசிய தினத்தன்று மாலையிலிருந்தே பாலத்தில் சுற்றுக்காவல் வேண்டும். மின்னியல் பலகைகளில் எச்சரிக்கையும் ஒளிர வேண்டும். வாணவேடிக்கையைக் குடும்பத்தோடு பார்க்க விரும்புவோர் தயவுசெய்து எம்ஆர்டி ரயிலில் வாருங்கள்.

- ஒரு வாசகி, பிடோக், சிங்கப்பூர்