சனி பிடித்தவனும் சனியைப் படம் பிடித்தவனும்

நமது நாட்டில் ஒருவனுக்கு வேலை போனால் சனி பிடித்தது என்கிறார்கள். மாடு செத்தால் சனி பிடித்தது என்கிறார்கள். கடன்காரன் வாசலில் வந்து நின்றாலும் சனி பிடித்தது என்றுதான் சொல்லுகிறார்கள். இப்படிச் சொல்லுகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவராவது அந்தச் சனியைக் கண்ணால் பார்த்ததுண்டா? சனிக்கு எள்விளக்குப் போட்டவர்கள் உண்டு. திருநள்ளாற்றுக் குளத்தில் முழுகிவிட்டு வந்தவர்கள் உண்டு. ஆனால் வானத்தில் சனி எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவர்களோ மிகச் சொற்பம். பார்க்காத பொருளுக்குப் பயந்து பணம் கொடுக்கிற ஜனங்கள் நாம்!

நிற்க, சனியைப் பார்த்ததோடு நில்லாமல் படமும் பிடித்த ஓர் இளைஞரைப் பற்றி இங்கு எழுதுகிறோம். அவரைப் புகழுவதற்காக அல்ல. அவர் செய்ததை எந்த ஊரிலும் எவரும் செய்யலாம் என்பதற்காகவே எழுதுகிறோம்.

இத்தோழர் ஒரு சைக்கிள் கடைத் தொழிலாளி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இவருடைய தங்கைக்கு வந்த இரண்டு வரன்கள் "செவ்வாய் தோஷம்" என்கிற ஒரே காரணத்தால் தட்டிப்போயின. பெண்ணிடம் குற்றமில்லை, குடும்பத்தில் குற்றமில்லை. குற்றமெல்லாம் கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு மண்ணுருண்டையிடம்! பரிகாரத்துக்கென்று தாம் சேர்த்து வைத்திருந்த பணத்தைப் புரோகிதரிடம் கொடுக்க மனம் வராமல், அதைக் கொண்டு ஐந்தங்குலக் கண்ணாடியுள்ள ஒரு டெலஸ்கோப்பை வாங்கினார். அது 2025 ஜனவரி மாதம். மாலையில் மேற்கே சனியும், தலைக்கு மேலே வியாழனும், கிழக்கே செவ்வாயும் ஒரே சமயத்தில் தெரிந்த நாட்கள் அவை.

முதல் நாள் டெலஸ்கோப்பின் கண்வில்லையில் செல்போனை வைத்துப் படம் எடுத்தார். வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டாக விழுந்தது. காரணம், இருண்ட வானத்தைப் பார்த்த செல்போன் தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டதுதான். அடுத்த நாள் வெளிச்சத்தைக் கையால் குறைத்து வைத்தார். பொட்டு பந்தாயிற்று, பந்தின் மேல் இரண்டு பட்டைகள் தெரிந்தன. ஆனால் படம் நீரோடைக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் போல் ஆடிற்று. பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடி இரவில் கக்கும் சூட்டில் காற்றுக் கலங்குகிறது என்று அறிந்து, கருவியை ஊருக்கு வெளியே வயல்வெளிக்குக் கொண்டு போனார். குழாய் குளிர அரைமணி நேரம் காத்திருந்தார். சந்திரனின் விளிம்பைப் பார்த்துக் கூர்மையைச் சரி செய்தார். கிரகமோ ஒரு நிமிஷத்திற்குள் பார்வையை விட்டு ஓடிற்று. ஓடுவது கிரகமல்ல, தாம் நிற்கிற பூமி சுழல்கிறது என்பதை அவர் புத்தகத்தில் படித்திருந்தார். அன்றுதான் கண்ணால் கண்டார்.

பிறகு ஒற்றைப் படத்தை விட்டு, குழாயை நகர்த்திக்கொண்டே இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்தார். வினாடிக்கு 30 வீதம் 3600 படங்கள். அவற்றுள் காற்றாட்டம் குறைந்த ஒரு கால்பங்கைக் கம்ப்யூட்டரைக் கொண்டு பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியபோது தெளிவான படம் கிடைத்தது. இது கம்ப்யூட்டர் வரைந்த பொய்ப்படம் அல்லவா என்று சில புத்திசாலிகள் கேட்கலாம். கம்ப்யூட்டர் வரையவில்லை, கலங்கலை வடிகட்டிற்று, அவ்வளவே. வரம்பு மீறிக் கூராக்கினால் இல்லாத கோடுகள் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் அன்றிரவே வேறு தேசத்தில் வேறொருவர் எடுத்த படத்தோடு ஒத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜோசியருக்கு இப்படிப்பட்ட பரீட்சை ஏதேனும் உண்டா?

சனியின் கதை இன்னும் விசேஷம். புத்தகங்களில் உள்ளது போல் அகன்ற வளையத்தை எதிர்பார்த்தவருக்கு, பந்தின் குறுக்கே ஊசி செருகினாற்போல் ஒரு கோடுதான் விழுந்தது. வளையம் எங்கே என்று விசாரித்தார். ஏறக்குறைய 15 ஆண்டுக்கு ஒருமுறை அவ்வளையம் நமக்கு விளிம்பை மாத்திரம் காட்டி மறைவதுண்டு என்றும், அவ்வாறு மறையும் நாள் 2025 மார்ச் 23 என்றும் வானநூலார் முன்பே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள். 1612 இல் கலிலியோவும் இப்படி மறைந்ததைக் கண்டு திகைத்தவர்தான். 1659 இல் ஹைகன்ஸ் அது வளையம் என்று எழுதிய பிறகு திகைப்புத் தீர்ந்தது.

இனி நம்மூர்க் கணக்கைப் பாருங்கள். அதே மார்ச் மாதத்தில், 29 ஆம் தேதி சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லை, 2026 இல்தான் என்றது திருநள்ளாற்றுக் கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கம். வானத்தில் இருப்பது ஒரே சனி. அது வீடு மாறும் தேதியோ இரண்டு, இடையில் ஏறக்குறைய ஒரு வருஷம்! அந்த ஒரு வருஷத்தில் கெட்டுப்போனவனை எந்தச் சனி கெடுத்தது? நமது முன்னோர் டெலஸ்கோப் இல்லாமலே கிரகங்களின் நடையைக் கணித்தது கெட்டிக்காரத்தனமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிழை கண்டால் திருத்திக்கொள்வதுதான் கணக்கு. திருத்த மறுத்து அதற்குத் தட்சிணை கேட்பது வியாபாரம்.

சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகிறது. ஆகையால் ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம். மூன்று ராசிக்கு ஏழரை. 12 ராசியில் 3 ராசிக்கு எந்நாளும் ஏழரைச் சனி என்றால், உலகத்தில் நாலில் ஒருவருக்கு, அதாவது சுமார் 200 கோடிப் பேருக்கு, எப்பொழுதும் சனி பிடித்திருக்க வேண்டும். செவ்வாய் தோஷமோ இதைவிட மோசம். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். 12 இல் 5 என்றால் நூற்றுக்கு நாற்பது பெண்கள்! அதே நாற்பது ஆண்களில் எவனாவது இதற்காகக் கல்யாணமாகாமல் கண்ணீர் விட்டதாகக் கேள்விப்பட்டோமா? தோஷம் ஜாதகத்தில் இல்லை தோழர்களே. பெண்ணை மட்டம் தட்டுகிற நமது புத்தியில் இருக்கிறது.

நமது தோழர் செவ்வாயையும் படம் பிடித்தார். அது அப்போது பூமிக்கு ஏறக்குறைய 10 கோடி கிலோமீட்டருக்குள் வந்திருந்தது. காவி நிறத்தில் ஒரு சிறு பந்து, அதன் ஓரத்தில் வெள்ளையாகத் துருவப் பனி. அதைத் தங்கையிடம் காட்டினார். அந்தப் பெண் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இனிமேல் யார் வந்து கேட்டாலும் ஜாதகத்தைக் கொடுக்காதே அண்ணா" என்றாள். நூறு பிரசங்கம் செய்யாததை அந்த மங்கலான படம் செய்தது.

ஆரம்பக்காரனின் படத்தால் உலகத்துக்கு என்ன லாபம் என்று எண்ணிவிட வேண்டாம். 2006 இல் வியாழனில் ஒரு வெள்ளைப் புள்ளி சிவப்பாக மாறிவிட்டதைத் தமது படத்தில் கண்டு சொன்னவர், பிலிப்பைன்ஸ் தேசத்து மரச்சாமான் வியாபாரி கிறிஸ்டோபர் கோ. 2009 ஜூலை 19 இல் வியாழன் மீது ஏதோ மோதிய கருந்தழும்பை முதலில் கண்டவர், ஆஸ்திரேலியாவில் தம் வீட்டில் டெலஸ்கோப் வைத்திருந்த ஆந்தனி வெஸ்லி. அவர் சொன்ன பிறகே பெரிய கருவிகள் அப்பக்கம் திரும்பின. இவ்விருவரும் வானநூலைத் தொழிலாகக் கொண்டவர்களல்லர்.

ஆகவே தோழர்களே! மன்றந்தோறும் பணம் சேர்த்து ஒரு டெலஸ்கோப் வாங்குங்கள். பகலில் அதைச் சூரியன் பக்கம் திருப்ப ஒருவரையும் விடாதீர்கள், கண் போய்விடும். இரவில் தெருவில் வைத்து, முதலில் பெண்களையும் குழந்தைகளையும் பார்க்கச் செய்யுங்கள். படம் எடுக்கக் கற்றுக் கொடுங்கள். நாம் சொல்வதையும் அவர்கள் நம்ப வேண்டியதில்லை. தாங்களே பார்த்து முடிவு செய்யட்டும். அப்படிப் பார்த்தவர்கள் பரிகாரத்துக்கு மடியை அவிழ்ப்பார்களா என்பதை அப்புறம் பார்ப்போம்.