பையை அடுக்குறதுக்கு முன்னாடி பொய்யை இறக்கி வைங்க

1/ கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் சாப்பிட மறுக்கிற பிள்ளை இருந்து, "அட்மிட் பண்ணணும்"னு டாக்டர் சொல்லியிருந்தா, கடைசி வரை படிங்க. எடை, கலோரி எண்கள் எதையும் எழுத மாட்டேன். இந்த நோய் இருக்கறவங்களும் இதைப் படிப்பாங்க. அந்த எண்கள் அவங்களுக்குப் போட்டியாகிடும்.

2/ எனக்கு விழிதியூர். எங்க பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, பதினொன்றாம் வகுப்பு. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) அட்மிஷன் அன்னிக்கு அவ அம்மா கையில் பெரிய பை. புது நைட்டி, போர்வை, பிளாஸ்க், டம்ளர், சாமி படம் வரைக்கும் இருந்தது. பொண்ணு கையில் ஒண்ணுமே இல்ல. "புதுச்சேரி போய் ஸ்கேன் எடுத்துட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாம்"னு அவகிட்ட சொல்லியிருந்தாங்க.

3/ சீர்காழி, சிதம்பரம், கடலூர்னு அத்தனை தூரமும் அந்தப் பொய்யோடவே பஸ்ஸில் வந்திருக்காங்க. வார்டில் நர்ஸ் வென்ஃப்ளான் போட வந்தப்பதான் அவளுக்குப் புரிஞ்சது. அழல. அம்மாவைப் பார்த்து ஒண்ணுதான் கேட்டா: "சாப்பிட்டேன்னு நான் பொய் சொன்னதுக்கு அடிச்சியே, இது என்னம்மா?"

4/ ஆறாம் நாள் அடம்பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டா. சிகிச்சை தோற்கலை, நாங்க தோத்தோம். 'நாங்க'ன்னு சொல்றேன், ஏன்னா அந்தப் பொய் எனக்கும் முன்கூட்டியே தெரியும். "எப்படியாவது போய்ச் சேரட்டும்"னு சும்மா இருந்துட்டேன்.

5/ இன்னொண்ணும் ஒத்துக்கணும். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, மாதவிடாய் நின்னுபோச்சுன்னு அவளை என்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. நான் மாத்திரை எழுதினேன். "என்னம்மா சாப்பிடுற?"ன்னு கேக்கல. ஒல்லியா ஒரு பொண்ணு வந்தா சத்து டானிக் எழுதி அனுப்புற என் சக டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த இழை.

6/ "இதெல்லாம் பணக்கார வீட்டு நோய், வெளிநாட்டு நோய்"னு சொல்றவங்களுக்கு: 2025 மார்ச்சில் கேரளாவில் 18 வயசுப் பொண்ணு ஒருத்தி செத்துப்போனா. இணையத்தில் பார்த்த டயட், மாசக்கணக்கில் வீட்டுக்குத் தெரியாத பட்டினி. செய்தி எல்லாத்துலயும் வந்தது. மாஹேக்குப் பக்கத்து மாவட்டம். மாஹேயும் நம்ம காரைக்கால் மாதிரி புதுச்சேரியோட துண்டுதான். நம்மூருக்கு வராதுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?

7/ நம்மூரில் இந்த நோய் ஒளிஞ்சுக்க இடம் நிறைய. திருநள்ளாறு பக்கத்துலயே இருக்கு, சனிக்கிழமை விரதம்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அப்புறம் சஷ்டி, ரமலான் நோன்பு, தவக்காலம். நான் பக்தியைக் குறை சொல்லல. விரதத்துக்கு ஒரு முடிவு நேரம் உண்டு, முடிஞ்சதும் ஆசையா சாப்பிடுவோம். நோய்க்கு முடிவு நேரம் கிடையாது. உடம்பு முடியாதவங்க நோன்பு வைக்க வேண்டாம்னு மதமே சொல்லுது. நோய்தான் விட மாட்டேங்குது.

8/ அடுத்தது, "ரெண்டு அறை விட்டா சாப்பிடுவா." விடாதீங்க. 1944-45ல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 ஆண்களை, அவங்க சம்மதத்தோட, அரைப்பட்டினி போட்டு ஆராய்ஞ்சாங்க. நல்ல மனநிலையில் இருந்தவங்களே எரிச்சல், மனச்சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புன்னு மாறிப்போனாங்க. பட்டினி மூளையையே மாத்தும். நீங்க திமிருன்னு நினைக்கறது பாதி அந்தப் பட்டினி மூளை பேசுறது.

9/ பையன்களுக்கும் இது வரும். எடை சாதாரணமா இருக்கறவங்களுக்கும் வரும். அள்ளிச் சாப்பிட்டுட்டு ரகசியமா வாந்தி எடுக்கற வகை அது. வாந்தியால் பொட்டாசியம் குறைஞ்சா இதயத் துடிப்பே தடுமாறும். மயக்கம், நெஞ்சு படபடப்பு, ரொம்ப மெதுவான நாடி, கால் வீக்கம், தண்ணிகூட இறங்காத நிலைன்னா அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீங்க. பக்கத்துல இருக்கற கேஷுவாலிட்டிக்கு ஓடுங்க.

10/ இப்ப தயாரிப்புக்கு வருவோம். முதல் வேலை, உண்மையைச் சொல்றது. போறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே உக்காந்து சொல்லுங்க: "உன் உடம்பு ஆபத்துல இருக்கு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருக்கும். எத்தனை நாள்னு டாக்டர்தான் சொல்லணும். நான் கூடவே இருப்பேன்." கத்துவா, கதவைச் சாத்துவா, பரவாயில்ல. ஏமாத்தப்பட்டோம்ங்கற கோபத்தைவிட இந்தக் கோபம் சீக்கிரம் ஆறும்.

11/ ரெண்டாவது, டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. கடைசி மாதவிடாய் எப்போ, எத்தனை தடவை மயக்கம், வாந்தி எடுக்கறாளா, பேதி மாத்திரை போடறாளா, கையை அறுத்துக்கிட்டாளா, சாகணும்னு பேசினாளா: எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கொண்டுபோங்க. பழைய ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்துச் சீட்டும் வேணும்.

12/ மூணாவது, முக்கியமானது. முதல் சில நாள் ஆஸ்பத்திரியில் கொஞ்சமாத்தான் சாப்பாடு தருவாங்க. "பட்டினி கிடந்த புள்ளைக்கு இவ்ளோதானா?"ன்னு சண்டை போடாதீங்க. வெளியிலிருந்து பிரியாணி, சத்துமாவுக் கஞ்சி எதையும் கொண்டுவந்து ஊட்டாதீங்க. பாசத்துல கொன்னுடுவீங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

13/ ஏன்னா, ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்னு நிறையச் சோறு போனா இன்சுலின் ஏறும். ரத்தத்தில் இருக்கற பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள்ள ஓடிடும். ரத்தத்தில் அளவு சரிஞ்சு இதயமும் மூச்சுத் தசையும் திணறும். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு விடுதலையான கைதிகள் சிலர் சாப்பாடு கிடைச்ச பிறகு இப்படித்தான் இறந்தாங்க. பேரு ரீஃபீடிங் சிண்ட்ரோம்.

14/ அதனாலதான் தயமின் மருந்து, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, படிப்படியா கூட்டற சாப்பாடு. "தினம் ரத்தம் எடுத்தே புள்ளையைக் கொல்றாங்க"ன்னு வார்டில் சொல்ற சித்தப்பாவுக்கு இந்த ரெண்டு பதிவையும் காட்டுங்க.

15/ சாப்பிடறப்ப நர்ஸ் கூட உக்காருவாங்க. சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் பாத்ரூம் போக விட மாட்டாங்க. சில இடத்தில் எடை பார்க்கறப்ப எண்ணைக் காட்ட மாட்டாங்க. இது ஜெயில் இல்ல, நோய்க்குப் போடற கட்டு. கை உடைஞ்சா மாவுக்கட்டு போடறோமே, அதுபோல. ஆனா இதையெல்லாம் முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

16/ பார்க்க வர்ற சொந்தக்காரங்களைத் தடுத்து நிறுத்துங்க. "இப்பத்தான் முகத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கு"ன்னு ஒரு அத்தை பாசமா சொல்ற ஒரு வரி, ஒரு வார சிகிச்சையைக் கவுத்துடும். அந்தப் பிள்ளை காதில் அது "குண்டாயிட்டே"ன்னு விழும். உடம்பைப் பத்திப் பேசவே வேண்டாம். பூனைக்குட்டி, சினிமா, தெருவுல நடந்த கூத்துன்னு பேசுங்க.

17/ இது உனக்குத்தான், தங்கச்சி, தம்பி. பையை நீயே அடுக்கு. தொளதொளன்னு துணி, உன் தலையணை, நோட்டு, பேனா, இயர்போன். சாப்பாட்டுக்குப் பிறகு வர்ற ஒரு மணி நேரம்தான் கஷ்டமா இருக்கும். அதுக்கு உல்லன் பின்னல், கலர் பென்சில், புதிர்ப் புத்தகம் ஏதாவது எடுத்துக்கோ. டாக்டர்கிட்ட கேக்கற கேள்விகளை எழுதி வச்சுக்கோ. பயமா இருந்தா பயம்னு சொல்லு. உன்மேல யாருக்கும் கோபம் இல்ல.

18/ "மனநல வார்டா? நாளைக்கு யார் கட்டுவா?" உயிரோட இருந்தாத்தானே கல்யாணப் பேச்சு? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 படி, 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களைப் பெரியவங்களோட சேர்த்து வைக்கக் கூடாது. பெற்றோரோ பொறுப்பாளரோ கூடவே தங்கணும். பொறுப்பாளர் ஆணா இருந்தா பெண்பிள்ளைக்கு ஒரு பெண் துணை இருக்கணும். நோய் விவரத்தை வெளியில் சொல்லாமல் காக்கற கடமையும் அதே சட்டத்தில் இருக்கு.

19/ இங்கதான் நம்ம ஆளுங்க குழப்பிக்கறாங்க. பள்ளிக்கூடத்துக்கு "மஞ்சள் காமாலைன்னு எழுதிக் கொடுங்க டாக்டர்"னு கேக்கறாங்க. எழுத மாட்டேன். 'மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை'ன்னு எழுதினா போதும். சொல்லாம இருக்கறது உங்க உரிமை. பொய் சொல்றது வேற. இந்த நோயே பொய்யைத் தின்னுதான் வளருது. வீடே சேர்ந்து அதுக்குத் தீனி போடாதீங்க.

20/ பணம். உடல்நோய்க்குத் தர்ற அதே அடிப்படையில் மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரணும்னு அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லுது. 'மனநோய்க்குக் கிடையாது'ன்னு போனில் சொன்னா, அதை எழுத்துல கேளுங்க. ஆதார், ரேஷன் கார்டு, ஆயுஷ்மான் கார்டு எல்லாத்துக்கும் நகல் எடுத்து முதல் நாளே பையில் வைங்க.

21/ டிஸ்சார்ஜ்ங்கறது முடிவு இல்ல, பாதி வழி. வீட்டுச் சாப்பாட்டு அட்டவணை, அடுத்து வர வேண்டிய தேதி, எந்த அறிகுறி வந்தா உடனே திரும்பணும்: மூணையும் எழுதி வாங்காம வார்டை விட்டு வராதீங்க. அப்பாக்களே, மூணு வேளையும் கூட உக்காந்து சாப்பிடுங்க. அம்மா தலையில மட்டும் கட்டாதீங்க. ராத்திரி யாரைக் கேக்கறதுன்னு தெரியலைன்னா டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம்.

22/ அந்தப் பொண்ணு? நாலு மாசம் கழிச்சு மறுபடி போனா. இந்தத் தடவை அவங்க அம்மா மூணு நாள் முன்னாடியே சொல்லிட்டாங்க. "போன தடவை பொய் சொன்னது தப்பு"ன்னு மன்னிப்பும் கேட்டாங்க. பையை அவளே அடுக்கினா. முழுசாத் தங்கினா. இன்னும் முழுக் குணம் ஆகல, சில வாரம் சறுக்குது. ஆனா சறுக்கினா இப்ப அவளே சொல்லிடறா.

23/ எந்த மருந்துச் சீட்டுலயும் என்னால எழுத முடியாதது அது. அந்த அம்மா கொடுத்தாங்க. நீங்களும் கொடுக்கலாம். உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. அத்தை படிக்கட்டும்.