கட்டியக்காரனுக்கு ஒரு மணி நேரம்

களமருதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து நடக்கும் இரவுகளில், கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்துத் திரைக்குப் பின்னே கம்பீரமாய் நிற்கும் துரியோதன மகாராஜனைப் பார்த்து, ‘நீ யாரய்யா?’ என்று கேட்கிற உரிமை கட்டியக்காரன் ஒருவனுக்கே உண்டு. வாயிற்காவலனாகவும் விதூஷகனாகவும் ஒருசேர விளங்கும் அவன், அஸ்தினாபுரத்துச் சபையில் நின்றுகொண்டே ரேஷன் கடையைப் பற்றியும் பஞ்சாயத்துக் குழாயைப் பற்றியும் பேசி, விடிய விடிய விழித்திருக்கும் ஜனங்களைச் சிரிக்க வைப்பான். ராஜாவின் உப்பைத் தின்றுகொண்டே ராஜாவைப் பரிகசிக்கும் சுதந்திரத்தை நம் முன்னோர் கலையின் ஓர் அங்கமாகவே அங்கீகரித்திருந்தார்கள்.

அந்த இரவுகளைத் தொலைக்காட்சிப் பெட்டி மெல்ல மெல்லத் தன்வசப்படுத்திக்கொண்டது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய 1975ஆம் ஆண்டிலேயே, நியூயார்க்கில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்னும் நள்ளிரவு நிகழ்ச்சி, செய்தி வாசிப்பையும் விளம்பரத்தையும் கேலி செய்யும் தொழிலை ஆரம்பித்தது. மறு வருஷம் கனடாவில், கற்பனையூர் ஒன்றின் தொலைக்காட்சி நிலையத்தையே கதைக்களமாக்கி ‘எஸ்.சி.டி.வி.’ பிறந்தது. நம் நாட்டிலோ 1993இல் சன் டிவி வந்து, 2006 முதல் அரசின் இலவச வண்ணப் பெட்டிகள் ஏழை வீடுகளையும் எட்டிய பிறகும், பெட்டியைப் பார்த்து ‘நீ யாரய்யா?’ என்று பெட்டிக்குள்ளிருந்தே கேட்டவர்கள் சொற்பம்.

அந்தச் சொற்பத்தில் முதல் ஸ்தானம் விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’வுக்கு உரியது. ராம்பாலாவின் இயக்கத்தில் சந்தானமும் சுவாமிநாதனும் மனோகரும் நடித்த அந்நிகழ்ச்சி, நாம் கண்ணீர் மல்கப் பார்த்த திரைப்படங்களையெல்லாம் தலைகீழாய்க் கவிழ்த்துக் காட்டிற்று. ஆயினும் அதன் பிரதான இலக்கு சினிமாவே. பெட்டி பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது.

இத்தனைக்கும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேனல் மாற்றுகிற ஒவ்வொருவரும் அறியாமலே ஒரு ஹாஸ்ய நாடகத்தைத் தயாரித்துவிடுகிறோம். ‘கடுகு வெடித்ததும்’ என்று சமையல்காரர் தொடங்க, ‘சத்ருக்கள் விலகி ஓடுவார்கள்’ என்று ஜோதிடர் தொடர, ‘என்று அமைச்சர் தெரிவித்தார்’ என்று செய்தி வாசிப்பவர் முத்திரையிட்டுவிடுகிறார். வினைமுற்றுக்காக வாக்கியத்தின் கடைசி வரை காத்திருக்கும் நம் மொழிக்கு, இவ்வித ஒட்டுவேலை வெகு இயல்பாய்ப் பொருந்துகிறது. தனித்தனியே கேட்கும்போது பிரமாதமாய்த் தோன்றிய மூன்று குரல்களும் அடுத்தடுத்து நின்றவுடன் ஒரே மாதிரிப் பாவனையாய்ப் போய்விடுகின்றன என்பதே இந்தச் சிரிப்பின் சூட்சுமம்.

இந்த விளையாட்டைப் பலகுரல் கலைஞர்கள் மேடைகளில் பன்னெடுநாளாய்ச் செய்து வந்திருக்கிறார்கள். ஆனால் சேனல்கள் நடத்தும் சிரிப்பு நிகழ்ச்சிகளோ, ஒருவருடைய நிறத்தையும் பருமனையும், ஆண் புடைவை கட்டி வருவதையுமே பெருவாரியாக நம்பியிருக்கின்றன. அரசனை விட்டுவிட்டுச் சபையில் கடைசியாக உட்கார்ந்திருப்பவனைக் கேலி செய்கிறவனை எந்த ஊர்க் கூத்திலும் கட்டியக்காரன் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஆகவே சேனல் முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம்: இரவு பத்து மணிக்குமேல், உங்கள் விவாத மேடைகளையும் நெடுந்தொடர்களையும் ராசிக்கல் விளம்பரங்களையும் நீங்களே பரிகசிக்க, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். துரியோதனனே பொறுத்துக்கொண்டதை நீங்கள் பொறுத்துக்கொள்ளலாகாதா?